ஒரு தவறுகூடச் செய்யாதவர்

என் அண்ணன் எழுதிய உரையில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. பொய்தான் ஒன்று இருந்தது.

அம்மா இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ஓய்வுபெற்ற ஊழியர் சங்கத்தில் நினைவுக் கூட்டம். குடும்பத்தின் சார்பில் அண்ணன் பேசுவதாக ஏற்பாடு. அவன் அலுவலகத்தில் கடிதம் வரைந்தே தலை நரைத்தவன். பால் வாங்கி வரச் சொல்லி எழுதும் சீட்டில்கூட 'தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று முடிப்பான். அப்படிப்பட்டவன் அம்மாவைப் பற்றி நான்கு பக்கம் எழுதி, பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினான்.

இரண்டாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி. 'முப்பத்திரண்டு ஆண்டுப் பணிக்காலத்தில் மருந்து வழங்குவதில் ஒரு தவறுகூடச் செய்யாதவர் என் தாயார்.' அதற்குச் சான்றாக அடுத்த பத்தியில் ஒரு கதையும் சேர்த்திருந்தான். ஒருமுறை ஒரு குழந்தைக்குக் கொடுத்த மருந்து பழையது என்று தெரிந்ததும், புது மருந்தை எடுத்துக்கொண்டு வெயிலில் அந்த வீட்டுக்கே ஓடிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள் என்ற கதை. ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்த கதைதான். அம்மாவுக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான்.

"இந்த வரி வேண்டாம்ணா" என்றேன்.

"ஏன்? அதுதானே முக்கியமான வரி?"

"மனுஷங்க யாரும் அப்படி இருக்க முடியாது."

"அம்மா இருந்தாங்க" என்றான். அவன் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால்தான். காகிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

அம்மா கம்பவுண்டர். அப்போதெல்லாம் திரவ மருந்து பெரிய பாட்டிலில் வரும். அதைச் சின்ன பாட்டிலில் ஊற்றி, பெயர் எழுதிய சீட்டை ஒட்டிக் கொடுப்பது அவள் வேலை. மருந்தை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒருமுறை அதன் பெயரை வாய்விட்டுச் சொல்வாள். ஊற்றும்போது ஒருமுறை. திரும்ப வைக்கும்போது ஒருமுறை. இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. டப்பாவை எடுத்து "உப்பு" என்பாள், போடும்போது "உப்பு" என்பாள், மூடி வைக்கும்போது "உப்பு" என்பாள். புதிதாக வருகிறவர்கள், சமையலறையில் அம்மா யாரையோ கூப்பிடுகிறாள் என்று எட்டிப் பார்ப்பார்கள். "கல்யாணத்துக்கு முன்னாடியே இந்தப் பழக்கம் இருந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன். லேபிளைப் படிச்சுட்டு அங்கேயே திருப்பி வெச்சிருப்பா" என்பார் அப்பா.

நான் குடிநீர் வாரியத்தில் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலையில் இருக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் கோபத்தைக் காதில் வாங்குகிறவள். அதனால் வீட்டில் எனக்குப் பொறுமை கிடையாது, மறைப்பானேன். நான் செல்பேசியை எடுக்காவிட்டால் அம்மா அந்தப் புகார் எண்ணுக்கே அடிப்பாள். இருபது நிமிடம் வரிசையில் காத்திருந்து, நான் எடுத்ததும், "என் மக மூணு நாளா போன் பண்ணலை. ஒரு புகார் எழுதிக்கோ" என்பாள். பக்கத்து இருக்கைக்காரிகள் சிரிப்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "பதிவு செய்யப்பட்டது" என்பேன். "நம்பர் குடு" என்பாள். கொடுத்தால்தான் வைப்பாள்.

இந்த அம்மாவிடம் வளர்ந்தவள் அண்ணன் மகள். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போக, பால்குடி மறந்ததிலிருந்து பாட்டிதான் அவளுக்கு எல்லாம். ஓயாத வாய் என்பதால் வீட்டில் அவளுக்கு 'ரேடியோ' என்றே பேர். பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள், படித்ததும் மருந்துப் படிப்பு, சேர்ந்ததும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்து கவுண்டர். அவள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு முதல்நாள் கிளம்பியபோது அம்மா வாசலில் நின்று அழுதாள். எங்கள் கல்யாணத்துக்குக்கூட அப்படி அழவில்லை.

அம்மா போனதிலிருந்து ரேடியோ பேசவில்லை. துக்கம் என்று விட்டுவிட்டோம். சனிக்கிழமை மத்தியானம் அம்மாவின் அறையை ஒழிக்க அவளும் நானும் உட்கார்ந்தோம். அலமாரியிலிருந்து புடவைகளை எடுத்து என்னிடம் தந்துகொண்டே இருந்தவள், திடீரென்று கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, பாட்டி போனது என்னாலதான்."

"என்னடி உளர்ற?"

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். வேலையில."

சொன்னாள். ஒரு வயதானவருக்கு ரத்த அழுத்த மாத்திரை. பெயர் சரி, அளவுதான் இரண்டு மடங்கு. அவர் இரண்டு நாள் போட்டுக்கொண்டு தலைசுற்றி விழப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்தபோது வேறொரு டாக்டர், உடம்பு பலவீனம் என்று நினைத்து மாத்திரையையே மாற்றிவிட்டார். மனிதர் தேறிவிட்டார். தவறு யாருடைய கண்ணிலும் படவில்லை. இரண்டு வாரம் கழித்துச் சரக்கு சரிபார்க்கும்போது இவளுக்குத்தான் தெரிந்தது.

"யார்கிட்டயும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை பாட்டிகிட்ட மட்டும் சொன்னேன். இங்கதான் படுத்திருந்தாங்க. முழுசாக் கேட்டாங்க. ஒரு வார்த்தை பேசலை. அப்படியே செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க. சாயங்காலம் சாப்பிடலை. திங்கள், செவ்வாய், புதன், என் முகத்தையே பார்க்கலை. வியாழக்கிழமை போயிட்டாங்க. அவங்க ஒரு தப்பும் பண்ணாதவங்க, அத்தை. அவங்க வளர்த்த பொண்ணு இப்படிப் பண்ணிட்டாளேன்னு நெஞ்சு விட்டுப்போச்சு அவங்களுக்கு."

எண்பத்தொரு வயது, இதயம் இரண்டு வருடமாகவே தவணையில் ஓடிக்கொண்டிருந்தது, டாக்டர் முன்பே எச்சரித்தார் என்று சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"யானைக்கும் அடி சறுக்கும்டி" என்றேன்.

"பாட்டிக்குச் சறுக்கலையே."

எனக்குப் பதில் தெரியாமல் இல்லை. தெரிந்தும் சொல்லமுடியாத இடத்தில் அம்மா என்னை நிறுத்தி வைத்திருந்தாள்.

"திங்கக்கிழமை வேலையை விடப்போறேன். லெட்டர் எழுதிட்டேன். இனி மருந்தைத் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடி புடவைகளை எடுக்க ஆரம்பித்தாள்.

எனக்குத் தெரிந்தது இதுதான்.

அப்போது எனக்குப் பத்து வயது. பள்ளி விடுமுறை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அம்மா என்னை மருந்தறைக்குக் கூட்டிப் போவாள். காலி பாட்டில்களை அளவுவாரியாக அடுக்குவது என் வேலை. ஒருநாள் வரிசை முடிந்து, கடைசி ஆளும் போய், அம்மா அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தட்டில் இரண்டு பெரிய பாட்டில்கள் பக்கம் பக்கமாக இருக்கும். ஒன்று குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து. மற்றது பெரியவர்களுக்குக் கொடுக்கும் தூக்க மருந்து. இரண்டும் சிவப்பு. காய்ச்சல் மருந்து பாட்டிலை அம்மா தூக்கிப் பார்த்தாள். காலையில் புதிதாக வைத்தது, மூடியே திறக்காமல் இருந்தது. அன்றைக்குக் காய்ச்சல் மருந்து வாங்கிப் போனது ஒரே ஒருத்தி, கடைசியாக வந்த கைக்குழந்தைக்காரி. அப்படியானால் அவளுக்கு ஊற்றியது தூக்க மருந்து.

துணி அம்மாவின் கையிலிருந்து விழுந்தது. பதிவேட்டைத் திறந்து தெருவின் பெயரைப் பார்த்தாள். ஒரு சின்ன பாட்டிலில் சரியான மருந்தை ஊற்றினாள். என் கையைப் பிடித்தாள். ஓடினோம். அம்மா ஓடி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். வழியில் செருப்பு வார் அறுந்தது, உதறிவிட்டு ஓடினாள். தார் ரோடு கொதித்தது. "அம்மா, கால் சுடலையா?" என்று கேட்டேன். அவளுக்குக் காது கேட்கவில்லை.

வரிசையாக ஆறேழு ஒற்றை அறை வீடுகள். அந்தப் பெண் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு மூச்சு வாங்கியதில் பேச்சே வரவில்லை. "மருந்து" என்றாள். "மருந்து குடுத்தாச்சா?"

"இன்னும் இல்லைங்க. சாப்பிட்டப்புறம்னு சொன்னீங்களே. பிள்ளை ஒரு வாய்கூட வாங்கமாட்டேங்குது."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நான் என் காதாலேயே கேட்டேன்: "அது கொஞ்சம் பழைய மருந்தும்மா. புதுசு வந்துச்சு. அதான் கொண்டாந்தேன், அதைக் குடுத்துடு."

அந்தப் பெண் அம்மாவின் வெறும் காலைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது. "இதுக்காகவா இந்த வெயில்ல ஓடி வந்தீங்க? நீங்க நல்லா இருக்கணும்மா" என்று அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அம்மா கையை உருவிக்கொண்ட வேகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

திரும்பும்போது பூட்டிய கடை ஒன்றின் படியில் உட்கார்ந்தாள். "இதை யார்கிட்டயும் சொல்லாதே. அப்பாகிட்டகூட. அண்ணன்கிட்டகூட. சொன்னா என் வேலை போயிடும்" என்றாள். தலையாட்டினேன். மறுநாள் காலையில்தான் முதன்முறையாக அவள் ஒரு மருந்தின் பெயரை மூன்றுமுறை சொன்னாள். எல்லோரும் எதை அம்மாவின் திறமை என்று கொண்டாடினார்களோ அது அவளுடைய தழும்பு.

அந்தப் பெண் ஊரெல்லாம் சொல்லித்தான் கதை பரவியது. பாராட்டினார்கள். யார் அந்தக் கதையை எடுத்தாலும் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். தன்னடக்கம் என்றார்கள். முழுப் பூசணிக்காயை அவள் சோற்றில் மறைக்கவில்லை, ஊர்தான் சோற்றைக் கொட்டி மூடியது. அவள் அதைத் தடுக்கவில்லை, அவ்வளவே. அப்பாவுக்கும் கடைசிவரை தெரியாது. நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு ஒருத்தி எங்களுக்கு நகம் வெட்டி, தலை வாரி, பாடம் ஒப்பிக்கக் கேட்டு வளர்த்திருக்கிறாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லைதான். ஆனால் ஒருமுறை அவளிடமே சொல்லிக்காட்டினேன். எனக்கு இருபத்திரண்டு வயது. வெளியூரில் வேலை கிடைத்திருந்தது, அம்மா விடமாட்டேன் என்றாள். வாய்ச்சண்டை முற்றியது. "பெரிய யோக்கியம் மாதிரி பேசாதே. அந்தக் குழந்தை விஷயத்தை எல்லார்கிட்டயும் சொல்லட்டுமா?" என்றேன். அம்மா போய்ப் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாயங்காலம் எழுந்து வந்து, "போய்ட்டு வா" என்றாள். நான் ஜெயித்த சண்டை அது. அப்படி ஒரு ஜெயிப்பு யாருக்கும் வேண்டாம். அதற்காக அவளிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் வாய் நீளம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருமே ஊமை.

அதனால் ரேடியோ 'செவுத்துப் பக்கம் திரும்பிட்டாங்க' என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா அவளை வெறுத்துத் திரும்பவில்லை. தன் முகத்தைக் காட்ட முடியாமல் திரும்பினாள். ஆனால் அதைச் சொல்லவேண்டுமானால் மற்றதையும் சொல்லவேண்டும். இருபத்திரண்டு வயதில் எதைச் செய்வதாக மிரட்டினேனோ அதையே, அவள் தடுக்க முடியாத நேரத்தில் செய்யவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டத்துக்குப் போகும்வரை நான் முடிவு செய்யவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுழலாத ஒரு மின்விசிறி, சுழலும்போது கத்தும் இன்னொன்று. நாற்பது பேர் இருப்பார்கள். முன்வரிசையில் அம்மாவுக்கு மேலாளராக இருந்த பெரிய கம்பவுண்டர். தொண்ணூறை நெருங்குகிறார், காதில் கருவி. ரேடியோ கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தாள்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். 'ஒரு தவறுகூட' என்ற இடம் வந்தபோது நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ரேடியோ எழுந்துவிட்டாள். அழவில்லை. வேற்று வீட்டில் நுழைந்துவிட்டவள் போல, ஓசைப்படாமல் கதவை நோக்கி நடந்தாள்.

அதற்குமேல் நான் எதையும் யோசிக்கவில்லை. "நில்லுடி" என்றேன். நாற்பது தலைகளும் திரும்பின. "அண்ணா, அந்த வரி உண்மை இல்லை. அதுக்கு அடுத்த கதையும் நீ எழுதின மாதிரி நடக்கலை. கூட ஓடினவ நான்."

சொன்னேன். இரண்டு சிவப்பு பாட்டில், அறுந்த செருப்பு, அம்மா சொன்ன பொய், நான் கொடுத்த வாக்கு. இருபத்திரண்டு வயதில் நான் என்ன செய்தேன் என்பதையும் விடவில்லை. சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை, ரேடியோவை மட்டும்தான் பார்த்தேன். "நான் சொல்லிக்காட்டின அன்னைக்கும் உன் பாட்டி செவுத்துப் பக்கம்தான் திரும்பினாங்க" என்று முடித்தேன். மற்றவர்களுக்கு அது விளங்கியிருக்காது.

பெரிய கம்பவுண்டர் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தார்.

"என் தப்பையெல்லாம் சொன்னா இந்தக் கூட்டம் சாயங்காலம் வரைக்கும் போகும்" என்றார். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அந்த ரெண்டு பாட்டிலையும் ஒரே தட்டுல வைக்கச் சொன்னது நான்தான். வந்து சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன். அது இன்னும் ஆறு வருஷம் அங்கேயேதான் இருந்துச்சு."

அண்ணன் காகிதத்தை மடித்தான். மேடையிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். திட்டுவான் என்று இருந்தேன். "நாற்பது வருஷம். என்கிட்டகூடச் சொல்லலையேடி" என்றான். அம்மாவைச் சொன்னானா என்னைச் சொன்னானா தெரியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ரேடியோ வெளியே தண்ணீர்த் தொட்டியருகே நின்றிருந்தாள். பாரம் இறங்கி என் மேல் சாய்ந்து அழுவாள் என்றுதான் எதிர்பார்த்துப் போனேன். அவள் முகம் சிவந்திருந்தது.

"நான் அவங்க காலடியில உக்காந்து அழுதேன், அத்தை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? 'எனக்கும் நடந்திருக்கு'ன்னு ஒரே ஒரு வார்த்தை. நாலு நாள் இருந்துச்சு."

"சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லலை?"

"பயம். நாப்பது வருஷமாப் பூட்டின வாய்."

"இன்னும் நாலு நாள் இருந்திருந்தா சொல்லியிருப்பாங்களா?"

சொல்லியிருப்பாள் என்று சொல்ல ஆசையாக இருந்தது. "தெரியலை" என்றேன். "ஆனா உன் மேல வெறுப்பு இல்லை. அது சத்தியம்."

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் என்னைக் கூப்பிட்டாள். "கூட வா, அத்தை." லெட்டரைக் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்து விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். மருந்துப் பிரிவின் தலைவி அறைக்கு வெளியே, டோக்கனோடு காத்திருப்பவர்கள் மத்தியில் உட்கார்ந்தேன். அவள் உள்ளே போனாள். ஒரு மணி நேரம் ஆனது.

வந்தபோது கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. கையில் லெட்டர் இல்லை.

"கிழிச்சுட்டேன்" என்றாள். "தப்பைச் சொன்னேன். தேதி, பேரு, அளவு, எல்லாம். விசாரணை இருக்குமாம். ஒரு மாசம் கவுண்டர் கிடையாது, உள்ளே சரக்கு அடுக்கணும். அந்தத் தாத்தாவுக்கு அங்க இருந்தே போன் பண்ணினோம். நான்தான் பேசினேன். பத்து நிமிஷம் விடாமத் திட்டினார்."

"அப்புறம்?"

"அப்புறம், மாத்திரை அட்டையில அளவு எங்க போட்டிருக்கும்னு கேட்டார். சொல்லிக் குடுத்தேன். பேத்தி மாதிரி இருக்கே, பார்த்து வேலை செய்னு சொல்லிட்டு வெச்சுட்டார்." அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பாட்டியும் அன்னைக்கே சொல்லியிருந்தா இவ்வளவுதான் ஆகியிருக்கும்ல, அத்தை? திட்டு வாங்கியிருப்பாங்க. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உடைந்துவிட்டது. அம்மா இறந்த அன்றும் நான் அழவில்லை, ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அத்தனை பேர் நடுவில், புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்கவில்லை. ரேடியோ என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா எழுந்து வந்து தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"யாருக்கும்மா உடம்பு முடியலை?" என்று கேட்டார்.

"எங்கம்மாவுக்கு" என்றேன். "நாப்பது வருஷமா."